காயாத பிரஷ்: ஜொகூர் வீடுகளில் கழிவறைத் தூய்மை

ஜொகூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுதும் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேலேயே நிற்கிறது. நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும் வடகிழக்குப் பருவமழையில் கொடியில் போட்ட துணி இரண்டு நாளாகியும் காய்வதில்லை. அப்படிப்பட்ட ஊரில், சன்னல் சிறுத்த கழிவறையின் மூலையில், அடி மூடிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் நனைந்தபடியே செருகி வைக்கும் டாய்லெட் பிரஷ் எப்போது காயும்? பல வீடுகளில் அது வாங்கிய நாளிலிருந்து தூக்கிப் போடும் நாள் வரை ஒரு தடவைகூட முழுதாகக் காய்வதில்லை.

வீட்டுக் கழிவறை பற்றிய குறிப்புகள் எதைப் போட்டுத் தேய்ப்பது, எத்தனை நாளுக்கொரு முறை தேய்ப்பது என்பதோடு நின்றுவிடுகின்றன. தேய்த்த பிரஷ்ஷை எப்படி வைப்பது என்று அவை அதிகம் சொல்வதில்லை. குளிர்நாட்டுக்காரருக்கு அந்தக் கவலை குறைவு. அங்கே குளியலறைக்குள் சூடேற்றி இருக்கிறது, தரை காய்ந்து கிடக்கிறது, பிரஷ் தானாகக் காய்ந்துவிடுகிறது. நம் கழிவறையில் தரையும் ஈரம், சுவரும் ஈரம், காற்றும் ஈரம். அதனால் இங்கே பிரஷ்ஷைப் பராமரிப்பது என்பதில் பாதிக்கு மேல் அதை உலர்த்துவதுதான் என்று நான் நினைக்கிறேன். மீதியெல்லாம், மருந்து, தேய்ப்பு, பிரஷ்ஷின் வகை, அதற்குப் பிறகு வருபவை.

இந்தப் பொருள் நம் வீடுகளுக்கு வந்தே அதிகக் காலம் ஆகவில்லை. கழிவறை பிரஷ்ஷின் இன்றைய வடிவத்தை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வில்லியம் ஷாப் என்பவர் 1932இல் உருவாக்கி மறு ஆண்டு காப்புரிமை பெற்றார் என்று பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்துப் பிரஷ்களுக்கு விலங்கு மயிர்தான். 1938இல் டூபான்ட் நிறுவனத்தின் நைலான் முதலில் பல் துலக்கும் பிரஷ்ஷில் வந்தது. பிறகு மற்ற பிரஷ்களுக்கும் பரவியது. விலங்கு மயிர் நீரை உறிஞ்சி அழுகும், நைலான் அழுகாது. ஆனால் அழுகாது என்பதற்கும் அழுக்குத் தங்காது என்பதற்கும் வேறுபாடு உண்டு.

அதே 1930களில் ஜொகூரின் ரப்பர் தோட்டங்களில் நம்மவர்கள் லயன் வீடுகளில் இருந்தார்கள். வரிசை வீடுகளுக்குப் பொதுவாகச் சற்றுத் தள்ளி ஒரு கழிப்பிடம். வீட்டுக்குள் கழிவறை என்பதே அப்போது பெரும்பாலோருக்கு இல்லை. கழிப்பிடம் ஒழுங்காக இல்லாததன் விலை என்ன என்பது அதற்கு முன்பே மலாயாவில் ஆராயப்பட்டிருந்தது. ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய குழு, சாமுவேல் டார்லிங்கின் தலைமையில் 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் கொக்கிப்புழு நோயை ஆராய்ந்து, 1920இல் அறிக்கையை நூலாக வெளியிட்டது. மலம் கலந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகிற புழு அது. பால்மரம் வெட்டப் போனவர்களின் சோகைக்கு ஒரு காரணம் அவர்கள் காலடி மண்ணிலேயே இருந்தது. மலம் மண்ணுக்கு வராமல் அடைத்து வைப்பதுதான் கழிவறையின் முதல் வேலை. அது பளபளப்பாக இருப்பது பிறகு.

தோட்டத்துக் குந்து கழிவறையைக் கழுவியது ஈர்க்குத் துடைப்பம். தென்னை ஓலையின் ஈர்க்கைச் சீவிக் கட்டிய துடைப்பம் முற்றம் பெருக்கிப் பெருக்கிக் கட்டையாய்த் தேய்ந்த பிறகு, அதுவே கழிவறைத் துடைப்பமாகப் பதவி மாறும். ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் பினாயில், நின்றபடியே நாலு இழுப்பு. எண்ணெய்ப்பனை வந்த பிறகு அதன் ஈர்க்கிலும் துடைப்பம் கட்டினார்கள். இந்தத் துடைப்பத்துக்கு ஒரு பெரிய நல்ல குணம் இருந்தது: வேலை முடிந்ததும் அதை வெளியே, சுவரில் சாய்த்து, தலைகீழாக வெயிலில் நிறுத்தினார்கள். அதைக் கூட்டுக்குள் அடைத்து வைக்கும் எண்ணமே யாருக்கும் வரவில்லை. நைலான் பிரஷ்ஷுக்கு மாறியபோது நாம் துடைப்பத்தை மட்டும் விடவில்லை. வெயிலில் நிறுத்தும் அந்தப் பழக்கத்தையும் சேர்த்து விட்டுவிட்டோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது.

மாற்றம் படிப்படியாகத்தான் நடந்தது. சுகாதார அமைச்சு 1970களின் நடுவில் தொடங்கிய கிராமப்புறத் தண்ணீர், சுகாதாரத் திட்டத்தின் வழியே, வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் நீர்ப்பூட்டுக் கழிவறைகள் கம்பங்களுக்குப் போயின. நகரங்களில் வாளிக் கழிவறைகள் இன்னும் சில காலம் நீடித்தன. பாலத்துக்கு அக்கரையில் சிங்கப்பூரிலேயே 1987இல்தான் வாளி எடுக்கும் முறை முடிந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் மாசாய், தம்போய், ஸ்கூடாய், கூலாய் பக்கத்துத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்தபோது, வீட்டுக்குள் ஒன்று, சில வீடுகளில் மேலும் கீழுமாக இரண்டு, என்று கழிவறை வந்தது. ஒன்று குந்துவது, ஒன்று உட்காருவது. அதோடு வந்ததுதான் கூட்டோடு சேர்த்து விற்கும் பிரஷ்.

நம் வீட்டில் பிரஷ்ஷுக்கு உள்ள வேலையும் மேலைநாட்டு வீட்டில் அதற்கு உள்ள வேலையும் ஒன்றல்ல. காகிதம் பயன்படுத்தும் நாடுகளில் கிண்ணத்தில் ஒட்டியதை ஒவ்வொரு முறையும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு வருவது நாகரிகம். விருந்தாளியும் அப்படிச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். இங்கே மலாய்க்காரர் வீட்டிலும் நம் வீட்டிலும் கையருகே தண்ணீர்க் குழாய் இருக்கிறது. ஒட்டியதை அதே குழாயால் அடித்துவிடுகிறோம். அதனால் நம் பிரஷ் தினம் தொடப்படுவதில்லை, வாரத்துக்கு ஒரு முறையோ இரு முறையோதான் கையில் எடுக்கப்படுகிறது. மீதி நாளெல்லாம் அது மூலையில் நனைந்து நிற்கிறது. குளிக்கும் தண்ணீரும் அதன் மேல் தெறிக்கிறது. தினம் கழுவப்படாத ஒரு நனைந்த பிரஷ்ஷில் கிருமி வாழ்வதற்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. இன்னொன்று: கிண்ணத்தில் ஒட்டியதைக் குழாயின் முழு வேகத்தில் அடித்தால் துளிகள் மேலே எழும்பிச் சுவர், இருக்கை, பக்கத்தில் தொங்கும் துண்டு வரை போகும். குழாயை மெல்லத் திறந்து, கிண்ணத்தின் சுவரையொட்டி நீரை ஓட விடுவது நல்லது.

இனிக் கறை. எந்தக் கறை என்று தெரியாமல் தேய்ப்பது வீண் உழைப்பு. தமிழ்நாட்டில் போர்வெல் தண்ணீர் உள்ள வீட்டுக்காரர் கழிவறைக் கறை என்றால் வெள்ளையாகப் படியும் உப்பைச் சொல்வார். ஈப்போவைப் போலச் சுண்ணாம்புக்கல் மலை சூழ்ந்த ஊரல்ல ஜொகூர். நமக்கு வரும் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் ஆற்றிலும் அணையிலும் எடுத்துச் சுத்திகரித்தது, கடினத்தன்மை குறைவு. 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை எடுத்துக்கொள்ளும் அதே ஜொகூர் ஆறு நம் வீடுகளுக்கும் தண்ணீர் தருகிறது. எனவே வெள்ளை உப்புக்காக எழுதிய விளம்பரங்களை நம்பி வலுவான ஆசிட்டை வாரா வாரம் ஊற்றத் தேவையில்லை.

ஜொகூர் வீடுகளில் காணும் கறை வேறு வகை. தண்ணீர்த் தொட்டியிலிருந்து நீர் வழியும் தடத்தில் செம்பழுப்புக் கோடு விழுந்தால் அது இரும்பு. பழைய இரும்புக் குழாயிலிருந்தோ கிணற்று நீரிலிருந்தோ வருவது. பொந்தியான், பத்து பகாட் பக்கத்துக் கரிமண் நிலங்களில் நிலத்து நீரே தேநீர் நிறத்தில் இருக்கும். தண்ணீர் மட்டத்தில் இளஞ்சிவப்பாக வழவழவென்று ஒரு வளையம் படர்ந்தால் அது பெரும்பாலும் செராட்டியா மார்செசன்ஸ் என்ற பாக்டீரியா; ஈரமும் சோப்பும் கிடைக்கும் இடமெல்லாம் வளரும். கருப்புப் புள்ளிகள் பூஞ்சணம். கிண்ணத்தின் அடியில் மஞ்சளாக, கல்போல் இறுகிப் பிடித்திருப்பது சிறுநீர்க் கறை, அதாவது சிறுநீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் பாஸ்பேட்டுகள்.

இவற்றுக்கு ஒரே மருந்து கிடையாது. இரும்புக் கறைக்கும் சிறுநீர்க் கறைக்கும் அமிலம் வேண்டும். சிட்ரிக் அமிலமோ, கடையில் விற்கும் மிதமான அமில ஜெல்லோ போதும். பூஞ்சணத்துக்கும் இளஞ்சிவப்பு வளையத்துக்கும் பிளீச் வேண்டும், நாம் குளோரோக்ஸ் என்று பொதுவாகச் சொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட். இரும்புக் கறையில் பிளீச் ஊற்றினால் கறை போகாது. இரும்பு மேலும் துருவாகி அழுத்தமாகப் படியும். மாதக்கணக்கில் குளோரோக்ஸ் ஊற்றியும் செம்பழுப்புக் கோடு போகவில்லை என்று பலர் அலுத்துக்கொள்வதன் காரணம் இதுதான்.

அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். இது பலர் கேள்விப்பட்டதுதான். ஆனால் பிரஷ் இதில் எப்படி இடைத்தரகராகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பிரஷ் சுத்தமாக இருக்கட்டும் என்று கூட்டின் அடியில் கொஞ்சம் குளோரோக்ஸ் ஊற்றி வைக்கிறார்கள். பிறகு ஒரு நாள் அமில ஜெல்லைப் போட்டுத் தேய்த்துவிட்டு, அலசாமல், அதே பிரஷ்ஷை அந்தக் கூட்டில் செருகுகிறார்கள். கிண்ணத்தில் கலக்காத இரண்டும் கூட்டில் கலக்கின்றன. சன்னல் மூடிய சின்ன அறையில் அந்த வாயு கண்ணையும் தொண்டையையும் பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது சாதாரணமல்ல. அமில வகையும் பிளீச் வகையும் ஒரே வணிகப் பெயரில், ஏறத்தாழ ஒரே வடிவப் புட்டியில் வருவது உண்டு. ஹார்பிக்கிலேயே ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ளது தனி, பிளீச் உள்ளது தனி. புட்டியின் நிறத்தைப் பார்த்து எடுக்காமல், பின்புறத்துச் சிறு எழுத்தைப் படிக்க வேண்டும். பாசிர் கூடாங்கில் 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டிய இரசாயனக் கழிவின் ஆவியால் ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைக்கு ஓடியதையும், 111 பள்ளிகள் மூடப்பட்டதையும் பார்த்த மாநிலம் இது. கண்ணுக்குத் தெரியாத ஆவி என்ன செய்யும் என்பதை நமக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள் அதை நாமே உண்டாக்காமல் இருக்கலாம்.

என் யோசனை: ஒரு நேரத்தில் ஒரே மருந்து, அமிலம் போட்ட நாளில் பிளீச் தொடக்கூடாது. கூட்டில் எந்த மருந்தையும் தேக்கி வைக்கக்கூடாது. தேங்கிய பிளீச் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் ஒன்றிரண்டு நாளில் வலுவிழந்து வெறும் அழுக்குத் தண்ணீராகிவிடும், அதற்குள் பிரஷ்ஷின் கம்பியை அரித்தும் விடும்.

தேய்க்கும் முறைக்குள் போனால், நான் முதலில் சொல்ல விரும்புவது விளிம்புக்கு அடியில் இருக்கும் பகுதியைப் பற்றி. 2000ஆம் ஆண்டில் பிரிட்டனில் பார்க்கர், புளூம்ஃபீல்டு என்ற இரு ஆய்வாளர்கள், சால்மொனெல்லா வயிற்றுப்போக்கு வந்தவர்களின் வீட்டுக் கழிவறைகளைச் சோதித்தார்கள். நோயாளி தேறிய பிறகும் கிண்ணத்து விளிம்பின் அடியில் படர்ந்த வழவழப்புப் படலத்தில் அந்தக் கிருமி உயிரோடு இருந்தது. ஒரு வீட்டில் நான்கு வாரம் வரை. மருந்து அந்தப் படலத்தின் மேல் வழிந்து போகும், உள்ளே இறங்காது. அதைப் பிய்த்தெடுக்க பிரஷ்தான் வேண்டும். எனவே முதலில் தண்ணீர் விட்டு அலசி, மருந்தை விளிம்பின் அடியில் சுற்றி விட்டு, புட்டியில் சொல்லியிருக்கும் நேரம், பொதுவாக 10 முதல் 15 நிமிடம், அப்படியே ஊற விட வேண்டும். ஊற விடாமல் தேய்ப்பதுதான் பெரும்பாலோர் செய்வது; மருந்து செய்ய வேண்டிய வேலையைக் கை செய்கிறது. ஊறிய பிறகு விளிம்பின் அடியில் தொடங்கி, சுவர், பிறகு தண்ணீர் நிற்கும் வாய் என்று கீழிறங்க வேண்டும். குந்து கழிவறையில் கால் வைக்கும் வரிப்பள்ளங்களில் அழுக்கு அடையும். உருண்டைத் தலைப் பிரஷ் அங்கே ஏறாது. அதற்கு நீண்ட பிடியுள்ள தட்டை பிரஷ்ஷோ, நம் ஈர்க்குத் துடைப்பமோதான் சரி. கம்பி நாரும் இரும்புப் பஞ்சும் வேண்டாம். பீங்கானின் மேல் உள்ள கண்ணாடிப் பூச்சு ஒரு முறை கீறினால் அந்தக் கீறலில் கறை குடியேறிவிடும், பிறகு எத்தனை தேய்த்தாலும் போகாது.

தேய்த்து முடித்ததும் தண்ணீர்த் தொட்டியை இழுக்கும்போது பிரஷ்ஷை அந்த ஓடும் நீரில் பிடித்துத் திருப்பித் திருப்பி அலச வேண்டும். பிறகுதான் முக்கியமான கட்டம். பிரஷ்ஷை நேராகக் கூட்டுக்குக் கொண்டு போகாமல், அதன் பிடியை இருக்கைக்கும் கிண்ணத்துக்கும் இடையில் கிடத்தி, தலை கிண்ணத்தின் மேல் தொங்கும்படி விட்டால், நீர் கிண்ணத்துக்குள்ளேயே சொட்டும். கால் மணி நேரம் அப்படிக் கிடந்தாலே பெரும்பகுதி வடிந்துவிடும். அந்த நேரத்தில் கூட்டைக் கழுவிக் கவிழ்க்கலாம். நேரமிருந்தால் பிரஷ்ஷைப் பின்வாசல் வெயிலில் நிறுத்தி எடுப்பது இதைவிட நல்லது. அடுக்குமாடியில் பின்வாசல் இல்லாதவர்கள் துணி காயப்போடும் மாடத்தின் ஓரத்தில் ஒரு கொக்கி அடித்துக்கொள்ளலாம்.

மாதம் ஒரு முறை பிரஷ்ஷுக்கும் ஒரு குளியல் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 விழுக்காடு வலுவுள்ள பிளீச் 20 மில்லி கலந்தால் 0.1 விழுக்காடு ஆகும். கோவிட் காலத்தில் உலகச் சுகாதார நிறுவனம் வீட்டுப் பரப்புகளுக்குச் சொன்ன அளவு அது. பிரஷ்ஷை முதலில் நன்றாக அலசிவிட்டு, அதற்கென்று வைத்த பழைய வாளியில் 10 நிமிடம் ஊற வைத்தால் போதும். அழுக்கு இருந்தால் பிளீச் அந்த அழுக்கிலேயே செலவழிந்துவிடும், அதனால் அலசல் முதலில். கலவையை அன்றன்றே செய்ய வேண்டும். சாக்கடைக் குழாய் இல்லாமல் கழிவுத் தொட்டி வைத்த வீடுகளில் அளவு மீறக்கூடாது. தொட்டிக்குள் கழிவைச் செரிக்கிற பாக்டீரியாவும் பிளீச்சில் செத்துப்போகும். கம்பத்திலும் பழைய தாமான்களிலும் அத்தகைய வீடுகள் இன்னும் நிறைய.

மருந்தே இல்லாமல் பிரஷ் மட்டும் போட்டுத் தேய்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அரிசோனா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் கெர்பா கழிவறைக் கிருமிகளைப் பற்றி 1975இலிருந்தே எழுதி வருபவர். அவரும் அவர் குழுவும் 2024இல் வெளியிட்ட ஆய்வில், மனிதரைத் தாக்காத ஒரு வைரசைக் கிண்ணத்தில் விட்டுச் சோதித்தார்கள். மூடியை மூடிவிட்டு நீரிழுத்தாலும், திறந்து வைத்து இழுத்தாலும், சுற்றுப்புறத்தில் படிந்த வைரசின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. கிருமிநாசினியோடு பிரஷ் போட்டுத் தேய்த்தபோதுதான் கிண்ணத்து நீரிலும், பிரஷ்ஷிலும், பிரஷ் கூட்டிலும் வைரஸ் பெருமளவு குறைந்தது. வெறும் பிரஷ் தேய்த்தால் கிண்ணத்தில் இருப்பது பிரஷ்ஷுக்கும் அதிலிருந்து கூட்டுக்கும் இடம் மாறுகிறது. வீட்டில் வயிற்றுப்போக்கு நோயாளி இருக்கும் நாட்களில் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கூட்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் அடியில் நிற்கும் தண்ணீர் எப்படிப்பட்டது என்று பாருங்கள். பிரஷ் ஓடும் குழாய் நீரில் அலசப்பட்டு வருகிறது. அதிலிருந்து சொட்டுவது ஏறத்தாழத் தெளிந்த நீர். குளிக்கும்போது தெறிக்கும் நீரும் சேர்கிறது. இருட்டு, அசைவில்லை, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஏடிஸ் கொசு தேடுவதும் இப்படியொரு இடத்தைத்தான். அது முட்டையிட ஒரு சிறு நாணயம் அளவு தேங்கிய நீர் போதும். முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க நம் வெப்பத்தில் 7 முதல் 10 நாள். நாம் பூத்தொட்டித் தட்டைக் கவிழ்க்கிறோம், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டைப் பார்க்கிறோம், டயரை மூடி வைக்கிறோம். பிரஷ் கூட்டை மட்டும் மறந்துவிடுகிறோம்.

சுகாதார அமைச்சு நெடுங்காலமாகச் சொல்லி வரும் பாடம், வாரத்துக்கு 10 நிமிடம் வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரைத் தேடு என்பது. 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்ட வீட்டுக்காரருக்கு அபராதம் உண்டு. அந்தப் பத்து நிமிடத்தில் பிரஷ் கூட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீரைக் கொட்டுவது மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரியும். கூட்டின் உட்சுவரைத் தேய்த்துத் துடைத்தால்தான் முட்டை போகும். தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு வாரம் போகிறவர்கள் கூட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கழிவறை மூடியையும் மூடிவிட்டுப் போக வேண்டும். அசைவற்ற கிண்ணத்து நீரும் ஏடிஸுக்கு வீடுதான்.

இதையெல்லாம் பார்த்த பிறகு, அடி மூடிய கூட்டை வாங்காமல் இருப்பதே நல்லது என்ற முடிவுக்கு வந்தேன். ஜெமெந்தாவில் பிறந்து நாடெங்கும் பரவிய ஈக்கோ ஷாப்பிலோ, தாமான் முனையிலுள்ள சாமான் கடையிலோ, அடியில் ஓட்டையுள்ள கூடும் சுவரில் மாட்டும் வளையமும் கிடைக்கின்றன. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுவரில் மாட்டினால் குளிக்கும் நீர் தெறிப்பது குறையும், காற்றும் ஓடும். அடி மூடிய கூடுதான் வீட்டில் இருக்கிறது என்றால், அதன் அடியில் நாலு துளை போட்டு, கழிவுநீர்த் துவாரத்தின் பக்கம் வைக்கலாம்.

பிரஷ்ஷின் வகை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நைலான் நன்றாகத் தேய்க்கும், மெல்லக் காயும். மயிர்களின் நடுவே முறுக்கிய கம்பி துருவேறினால் பீங்கானிலும் துருக்கோடு விழும், ஆகையால் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். சிலிக்கோன் பிரஷ் நீரை உதறிவிடும், சீக்கிரம் காயும், நம் ஈரத்துக்கு அது பொருத்தம். ஆனால் இறுகிய சிறுநீர்க் கறையை அதால் எடுக்க முடியாது, அமிலம் ஊற வைத்த பிறகே பயன்படும். ஒருமுறை தேய்த்துத் தலையை எறியும் வகை சுத்தமானதுதான். காசும் குப்பையும் சேர்ந்துகொண்டே போகும். வீட்டில் நோயாளியைப் பராமரிக்கும் நாட்களுக்கு அதைச் சொல்வேன்.

வெள்ளத்தைச் சொல்லாமல் ஜொகூரைப் பற்றி எழுத முடியாது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட், குளுவாங் என்று மாநிலத்தின் பெரும்பகுதி மூழ்கி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினர். 2023 மார்ச்சில் பத்து பகாட் பக்கம் தண்ணீர் வாரக்கணக்கில் வடியவில்லை. வெள்ளத்தின்போது கழிவுத் தொட்டியும் சாக்கடையும் ஆறும் ஒன்றாகிவிடுகின்றன. கழிவறைக் குழாய் வழியே அழுக்கு மேலேறி வருகிறது. எலிச் சிறுநீர் கலந்த நீரால் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வருகிறது. வீடு திரும்பியதும் முதலில் கையில் எடுப்பது பிரஷ்ஷும் துடைப்பமும்தான். அந்த நீரில் மூழ்கிய பிரஷ்ஷைக் கழுவிக் காப்பாற்ற முயல வேண்டாம்; புதிது வாங்க வேண்டும். சேறு அள்ளும்போது ரப்பர் பூட்சும் கையுறையும் இல்லாமல் இறங்கக்கூடாது. காலில் சிறு வெட்டு இருந்தாலும் போதும், கிருமி உள்ளே போய்விடும்.

இதற்கு நேர்மாறான நிலையும் இங்கே உண்டு. 2015 ஆகஸ்டில் அணை நீர் குறைந்து மாசாய், பாசிர் கூடாங் பகுதிகளில் தண்ணீர்ப் பங்கீடு தொடங்கியது; முறை வைத்துக் குழாய் காய்ந்தது. பழைய தண்ணீர்த் தொட்டி ஒரு இழுப்புக்கு 9 லிட்டருக்கு மேல் கொட்டும், புதியது 6 லிட்டரோ அதற்குக் குறைவோ. தண்ணீர் இல்லாத நாளில் நாலு முறை இழுத்துப் போகாததை ஒரு முறை தேய்த்து, ஒரு முறை இழுத்துப் போக்கலாம். அப்போது பிரஷ் தண்ணீரையும் மிச்சப்படுத்துகிறது.

இவ்வளவும் யார் செய்வது? நம் வீடுகளில் பிரஷ் பெரும்பாலும் பெண்களின் கையில் இருக்கிறது. வசதியுள்ள வீடுகளில் இந்தோனேசியப் பணிப்பெண்ணின் கையில். வீட்டு ஆண்களில் பலர் விடியும் முன்பே சிங்கப்பூர் பாலத்தில் நிற்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் பெண்களும் அதே பாலத்தில் நிற்கிறார்கள். மாநிலத்தின் வார விடுமுறை 2014இலிருந்து வெள்ளி, சனியாக இருந்து, 2025 ஜனவரியிலிருந்து மீண்டும் சனி, ஞாயிறு ஆனது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்காக வியாழன் மாலை வீடு கழுவும் குடும்பங்களில் அந்த வேலை எந்த விடுமுறையிலும் அம்மாவுக்கே விழுந்தது.

இதற்குப் பின்னால் பழைய வடு ஒன்று இருக்கிறது. கழிவறையைத் தொடுவது ஒரு சாதியின் வேலை என்ற எண்ணம் நம்மோடு கப்பலேறி வந்தது. தோட்டங்களிலும் அந்த வேலை குறிப்பிட்ட சில குடும்பங்களின் தலையிலேயே சுமத்தப்பட்டது. இந்தியாவில் மனிதர் கையால் மலம் அள்ளுவதை ஒழிக்க 1993இலும் 2013இலும் சட்டம் போட வேண்டியிருந்தது. 2017இல் திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ ஆவணப்படம், சட்டத்துக்குப் பிறகும் தமிழ்நாட்டில் அந்த வேலை தொடர்ந்ததைக் காட்டியது. 1901இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுக் கழிவறைகளின் நாற்றத்தைக் கண்ட காந்தி, தொண்டர்கள் அது துப்புரவாளர் வேலை என்று ஒதுங்கியதும், துடைப்பம் கேட்டு வாங்கித் தானே கழுவினார். நூறாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது. தன் வீட்டுக் கிண்ணத்தைத் தானே தேய்ப்பது இழிவு என்று நினைக்கும் ஆண்மகன் இன்னும் நம் தாமான்களில் இருக்கிறார். பத்து வயதுப் பையனுக்குச் சட்டையை மடிக்கக் கற்றுக் கொடுக்கிறோம். கழிவறை பிரஷ்ஷையும் அலசிக் காயவைக்கக் கற்றுக் கொடுக்கலாம். மருந்தை மட்டும் பெரியவர்கள் ஊற்றட்டும்.

கடைசியாக, பிரஷ்ஷை எப்போது தூக்கிப் போடுவது. காலக்கணக்கு அவ்வளவு முக்கியமில்லை. மயிர் வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டது, அடிப்பாகம் மஞ்சளித்துவிட்டது, காய்ந்த பிறகும் நாற்றம் போகவில்லை, பிடி விரிசல் விட்டுவிட்டது, கம்பி துருவேறிவிட்டது என்றால் அதன் காலம் முடிந்தது. நன்றாகக் காய வைக்கும் வீட்டில் அது ஏறத்தாழ ஓராண்டு வரும். நனைந்தே கிடக்கும் வீட்டில் அரை ஆண்டுகூட வராது. நைலானும் பாலிப்ரோப்பிலீனும் இரும்புக் கம்பியும் பிரிக்க முடியாதபடி பிணைந்திருப்பதால் அதை மறுசுழற்சித் தொட்டியில் போட்டுப் பயனில்லை. பிளீச்சில் ஊற வைத்து, அலசி, காயவைத்து, பையில் சுற்றிக் கட்டி, சாதாரணக் குப்பையோடு போட வேண்டும். ஜொகூர் பாரு வட்டாரத்தின் குப்பை சீலோங் நிலநிரப்பு மேட்டுக்குப் போகிறது. லாரி ஏறும் முன் அந்தப் பையைக் கையால் தூக்கி எறிகிறவர் ஒருவர் இருக்கிறார். கம்பி முனை அவர் கையைக் குத்தாதபடி பிரஷ்ஷின் தலையைப் பழைய செய்தித்தாளில் சுருட்டிக் கட்டுங்கள்.